விடுபட்ட ஒழுங்கை

ஆனியில் வானத்திலிருந்து பருப்பு விழுந்தது.
ஆடியில் ஆட்கள் வந்திறங்கினார்கள்.
மருதனார்மடச் சந்தியில் நானும் நின்று கைகாட்டினேன்.
ஒரு சீக்கியச் சிப்பாய்க்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தேன்.
குடித்து முடித்து, கோம்பையை
இரண்டு கையாலும் திருப்பித் தந்தான்,
இரவல் வாங்கிய பாத்திரம் தருவதுபோல.

ஐப்பசியில் என்னைத் தேடி வந்தார்கள்.
திருவிளங்கம், நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைபவன்.
யார் சொன்னார்களோ.

பள்ளிக்கூட வகுப்பறை.
கரும்பலகையில் பாதியில் நின்ற பின்னக் கணக்கு.
மேசையில் அவர்கள் கொண்டுவந்த படம்:
வெள்ளைக்காரன் காலத்துத் தாள்,
ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்.
பலாலி வீதி இருந்தது. மானிப்பாய் வீதி இருந்தது.
நடுவில் பச்சை.
அந்தப் பச்சைக்குள்தான் நாங்கள் இருந்தோம்.

மேஜர் இங்கிலீசில் கேட்டார்.
எனக்கு விளங்கும். ஆனாலும் பக்கத்தில்
திண்டுக்கல்காரன் ஒருவனை நிறுத்தியிருந்தார்.
"லேன் எல்லாம் போடணுமாம் சார்."
"ஒழுங்கையோ?"
"அப்படின்னா?"
"ரெண்டு பக்கமும் வேலி, நடுவிலை ஒரு மாடு போகும்."
"சந்தா?"
சந்து இல்லைத் தம்பி.
சந்துக்குக் கதியால் இல்லை, கதியாலில் பொட்டு இல்லை,
பொட்டுக்குள்ளால் பக்கத்து வளவுக்குப் போகும் கோழி இல்லை.
சொல்லவில்லை.
சந்து என்றே எழுதிக்கொண்டான்.

மூன்று இரவு, பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில்.
பென்சில் சீவ ஒரு பிளேட் தருவார்கள்,
விடியும்போது எண்ணி வாங்குவார்கள்.
அறுபத்தேழு ஒழுங்கை வரைந்தேன்.
அறுபத்தெட்டாவது என்னுடையது.

அதில் ஆறு வீடு.
சங்கக்கடை மனேஜர்.
காது கேளாத தையல்காரன் சூசைதாசன்.
இரட்டைப் பிள்ளைகளோடு பரிமளகாந்தி.
பென்சில் நுனி அங்கே வந்து நின்றது.
கோடு இல்லாத இடத்துக்குச் சக்கரம் வராது
என்று நினைத்தேன்.
இருபத்திரண்டு வருடச் சேவையில்
தெரிந்தே செய்த ஒரே பிழை.

மேஜர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"நல்ல வேலை" என்றார்.
ஒரு டின் பால்மா தந்தார்.
வாங்கினேன்.

சக்கரம் வரவில்லைதான்.

என் மனைவி அன்றைக்குக் கோயிலில், அகதிகளோடு.
பரிமளகாந்தி போகவில்லை:
பசு கன்று போடுகிற நேரம்.
சூசைதாசனுக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்காது.
மையின் வேலைகளில் இதுவும் ஒன்று என்று
எனக்கு எவரும் படிப்பித்ததில்லை.

மாசியில் சோதனைச்சாவடியில் திண்டுக்கல்காரன் கண்டுவிட்டான்.
சைக்கிளை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி,
ஆறுதலாய்த்தான் சொன்னான்:
"வீடு இருக்கிற பக்கம் அடிக்கக் கூடாதுன்னு ஆர்டர் சார்.
உங்க மேப்பைப் பாத்து
காலி இடத்துலதான் அடிச்சோம்."

ஒரே பாஷை. ஒரு சொல்லும் பிசகாமல் விளங்கியது.

பிறகு அவர்கள் போனார்கள். கப்பலில் ஏறும்போது
அவர்களுடைய ஊரிலும் சிலர் முகம் திருப்பினார்களாம்.
பிறகு வேறு கொடி, வெள்ளை வாகனம், கோப்பு,
இன்னொரு நாட்டுக் கண்காணிப்பாளர்.
நல்ல மனிதர். வெயிலில் காது சிவந்திருந்தது.
அவரும் முதலில் கேட்டது:
"உங்களிடம் படம் இருக்கிறதா?"

போன வருடம் டென்மார்க்கிலிருந்து ஒருத்தன் வந்தான்,
இரட்டைகளில் மிஞ்சியவன்.
தாயின் காணி உறுதியை விரித்தான்:
"கிழக்கு எல்லை: ஒழுங்கை."
"எங்கை அங்கிள் அது?"
கண்ணெட்டும்வரை நாயுண்ணிப் பற்றை.
ஒரு கிணற்றுக்கட்டு, பாதி.
நான் வரைந்த படத்தில் எப்படியோ
அப்படியே இருந்தது இடம்.

அளவுநாடாவின் ஒரு நுனியை
அவன் கையில் கொடுத்தேன்.
"கிணத்தடியிலை போய் நில், தம்பி.
நான் சொல்லுமட்டும்
இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நில்."
நிற்கிறான்.
நான் இன்னும் சொல்லவில்லை.